ஐம்பது நகர்த்தல்

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் வீட்டிலும் கடையிலும்தான் உண்டு. சதுரங்க வட்டாரத்தில் 'மரியாதை' என்றால் அவள்தான். "மரியாதை வந்தாச்சா?" என்பார்கள். "இந்த ரவுண்டு உனக்கு மரியாதையோடவா? கொடுத்து வச்சவ போ!" என்பார்கள். கேலிக்காக வைத்த பட்டப்பெயர் இல்லை அது. அவள் தோற்கும் அழகைப் பார்த்து வைத்தது.

தோற்பதிலும் அழகு உண்டா என்று கேட்காதீர்கள். பெரிய ஆட்டங்களில் ஒருநாள் போய் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஒருத்தி தோற்பது உறுதியான பிறகு கையைக் கட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் கடிகாரத்தை ஓடவிடுவாள். இன்னொருத்தி ஈரத்துணியை நீட்டுவது போல விரல் நுனியை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நகர்த்தல்களை எழுதிவைக்கும் குறிப்புத்தாளைக் கசக்கி எறிந்தவர்கள் உண்டு. எதிராளிக்கு அதிர்ஷ்டம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்களும் உண்டு. இவள் அப்படியில்லை. ஆட்டம் கைவிட்டுப் போனது என்று தெரிந்த அந்த நொடியே கடிகாரத்தை நிறுத்துவாள். பாதி எழுந்து, கண்ணைப் பார்த்து, கையை முழுசாகக் கொடுத்து, "நல்லா ஆடினீங்க" என்பாள். குறிப்புத்தாளில் நடுங்காத கையெழுத்து போடுவாள். எல்லாக் காயையும் அதனதன் இடத்தில் அடுக்கிவிட்டுத்தான் எழுந்து போவாள். இதற்காகவே மூன்று முறை நன்னடத்தைக் கோப்பை கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்றில்தான் அவள் தங்கை குடையைச் செருகி வைக்கிறாள்.

பிழைப்புக்கு அவள் ஒரு கண்ணாடிக் கடையின் பின்அறையில் லென்ஸ் வெட்டுகிறாள். லென்ஸின் நடுப்புள்ளியைக் குறித்து, ஃபிரேமின் அளவுக்கு விளிம்பைத் தேய்த்துப் பொருத்த வேண்டும். மயிரிழை தப்பினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி. மெஷினில் கை வைத்திருக்கும்போது மட்டும் சிலை மாதிரி நிற்பாள். மற்ற நேரம் அவளை ஓரிடத்தில் நிறுத்த முடியாது. துடைத்த மேசையையே துடைப்பாள், கதவு வரை போய்த் திரும்புவாள், இல்லாத தூசியை ஊதுவாள். "ஒரு இடத்துல உக்காரும்மா, பார்க்கிற எனக்குத் தலை சுத்துது" என்று முதலாளி வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வார். ஆட்டப் பலகை முன்னாலும் அதே கதைதான். காயை நகர்த்தியதும் எழுந்து நடப்பாள். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும், மேசை ஆடும், எதிராளியின் தண்ணீர் பாட்டில் ஆடும். மரியாதைக் குறைவு என்று இரண்டு கணுக்காலையும் பின்னிக்கொண்டு உட்காரப் பழகியிருந்தாள்.

நாற்பத்தொரு வயதில் அவளுக்கு ஆசை என்று ஒன்றே ஒன்றுதான். நாட்டின் பெண்கள் அணியில் ஐந்து பேருக்கு இடம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பன்னிரண்டு பேரை மோதவிட்டு முதல் ஐவரை எடுப்பார்கள். அவள் மூன்று முறை ஆறாவதாக வந்திருக்கிறாள். நூறாவதாக வந்தவளுக்குத் தூக்கம் வரும், ஆறாவதாக வந்தவளுக்கு எங்கிருந்து வரும்? அடுத்த தேர்வுக்கு வயது நாற்பத்து மூன்றாகிவிடும். பின்னால் வருகிறவர்களோ பதினேழிலும் பத்தொன்பதிலும் இருந்தார்கள். இந்த முறை விட்டால் விட்டதுதான், அது அவளுக்குத் தெரியும்.

பதினொரு ரவுண்டில் ஏழாவது ரவுண்டு அவளுடைய இருபது வருடத் தோழியோடு. தோழி பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. ஆட்டம் மெல்ல மெல்லச் சரிந்தது. கடைசியில் இவளுடைய ராஜா மூலையில் ஒடுங்கிக் கிடந்தது, சிப்பாய்கள் எல்லாம் முட்டி நின்றன, மிச்சமிருந்தது ஒரே ஒரு யானை. அடுத்த நகர்த்தலில் தோழியின் ராணி வந்து அந்த யானையையும் கட்டிப்போடும். பார்த்தாள். முழங்கால் ஆடத் தொடங்கியது. கடிகாரத்தை நிறுத்தினாள், பாதி எழுந்தாள், கையை நீட்டினாள். "நல்லா ஆடினே" என்றாள். தோழி ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, டக்கென்று பற்றிக்கொண்டாள்.

வெளியே வந்தால் தாழ்வாரத்தில் ஆட்டங்களைக் காட்டும் பெரிய திரைக்குக் கீழே தங்கை பேயறைந்த மாதிரி நிற்கிறாள். தங்கை டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறவள். ஆளும் பேச்சும் சத்தம்தான். அவள் சத்தமில்லாமல் நிற்கிறாள் என்றால் ஏதோ பெரிசாக நடந்திருக்க வேண்டும்.

"ஏன்க்கா கை குடுத்த?"

"தோத்தாச்சுடி. யானை போயிடுச்சுன்னா என்ன இருக்கு?"

"யானையைத் தூக்கி அவ ராஜா பக்கத்துல வச்சு செக் குடுத்திருக்கலாம்ல? வெட்டினா உனக்கு நகர்த்த ஒரு காய் கிடையாது. டிரா! வெட்டலைன்னா மறுபடியும் செக், மறுபடியும் செக். ஆயுசு பூரா செக். மெஷின் சைபர்னு, ரெண்டு பக்கமும் சமம்னு காட்டுது பாரு. கண்ணைத் தொறந்து பாரு!"

பார்த்தாள். திரையில் சைபர் இருந்தது. ராஜாவுக்கு செக்கும் இல்லாமல், நகர வழியும் இல்லாமல் போனால் ஆட்டம் சமம் என்பது பலகையைத் தொட்ட முதல் வாரத்திலேயே குழந்தைகள் படித்துக்கொள்வது. அவள் தோற்றுப் போகவில்லை. தோற்றுவிட்டோம் என்று எழுந்து கை கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். சும்மா கிடந்த அரைப் புள்ளியை வலியப் போய்த் தாரை வார்த்துவிட்டு வந்தவளுக்கு என்ன ஆறுதல் சொல்ல முடியும்? சாப்பாட்டு அறையில் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தங்கை ஆரம்பித்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. உன்னோடது மரியாதையே இல்லக்கா. அவசரம். எங்கிட்ட சில பேர் வருவாங்க. டெஸ்டுல வண்டி ஒரு தடவை ஆஃப் ஆனதும் கதவைத் தொறந்து இறங்கிடுவாங்க. ஏன் இறங்கினேன்னு கேட்டா, 'எப்படியும் ஃபெயில்தானே மிஸ்'னு சொல்வாங்க. இன்ஸ்பெக்டர் ஒண்ணுமே சொல்லியிருக்க மாட்டாரு. நீயும் அந்த கேஸுதான். பயத்தோட உக்காந்திருக்க உன்னால முடியாது. அதுக்கு ஊரு ஒரு நல்ல பேரு வச்சிருச்சு, நீயும் அதைப் பிடிச்சுக்கிட்ட."

சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அது நிஜம். தோல்வி அவளுக்கு ஒருநாளும் கசந்ததில்லை, தோற்போமா மாட்டோமா என்று காத்திருப்பதுதான் அவளைக் கொன்றது. கை கொடுத்த மறுநொடி முழங்கால் நின்றுவிடும், மூச்சு சீராகிவிடும். இருபத்தைந்து வருடமாக அந்த நிம்மதிக்காகத்தான் அவள் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து ஊர் கைதட்டியது.

மறுநாள் காலை, ஆட்டக்காரர்கள் தங்கியிருந்த ஓட்டலின் படிக்கட்டில் ஓவிய ஆசிரியை அவளை மறித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நேத்து அந்த செக் எனக்குத் தெரியும்டி" என்றாள் எடுத்த எடுப்பில். "நீ பார்த்திருவியோ பார்த்திருவியோன்னு உன் கண்ணையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ கையை நீட்டின. நான் என்ன பண்ணட்டும்? 'இல்லடி, இன்னும் டிரா இருக்கு, உக்காரு'ன்னு சொல்லணுமா?"

"சொல்லக் கூடாது. ஆட்ட விதி அது" என்றாள் மரியாதை.

"விதி கிடக்கட்டும். நான் சந்தோஷப்பட்டேன். அதான் எனக்குத் தாங்கலை. லிஃப்டுல யாருமில்லைன்னதும் குதிச்சேன், தெரியுமா? உன்னை ஜெயிச்சிட்டு, இந்த வயசுல, குதிச்சேன்."

மரியாதை தோழியின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "பரவாயில்லடி" என்று மூன்று முறை சொன்னாள். பரவாயில்லை என்று ஒருமுறை சொன்னால் போதும், மூன்று முறை சொன்னால் வலிக்கிறது என்று அர்த்தம். அறைக்குத் திரும்பி, கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். தோழியின் மேல் கோபம் வரவில்லை. அந்தக் குதிப்பு எப்படி இருக்கும் என்றுதான் யோசித்தாள். இவளும் எத்தனையோ ஆட்டம் ஜெயித்திருக்கிறாள். ஜெயித்ததும் முகத்தைத் தாழ்த்தி, எதிராளி எழுந்து போகும்வரை மூச்சுகூட சத்தமாக விடாமல் உட்கார்ந்திருப்பாள். அதுவும் மரியாதை. அப்படி அடக்கி அடக்கி, சந்தோஷம் எங்கே போய் ஒளிந்ததோ தெரியவில்லை.

கடைசி ரவுண்டுக்கு முன்னால் அவள் ஐந்தாவது இடத்தில் இருந்தாள். ஆறாவது இடத்தில் அரைப் புள்ளி பின்னால் ஒரு பல் டாக்டர். முப்பது வயதுகூட ஆகாதவள், மேசையில் பேனாவை அளவெடுத்து வைத்தது போல நேராக வைப்பவள். கடைசி ஆட்டம் இவர்கள் இருவருக்கும்தான். டிரா ஆனால் மரியாதைக்கு அணியில் இடம். தோற்றால் அந்த இடம் டாக்டருக்கு.

மத்தியானம் ஒரு மணிக்கு உட்கார்ந்தார்கள். நான்கரை மணிக்கு மரியாதை ஒரு சிப்பாய் கம்மி. ஐந்தரைக்கு இரண்டு. டாக்டரின் சிப்பாய் ஒன்று கடைசிக் கட்டம் வரை போய் ராணியானது. அந்த ராணி இவளுடைய கடைசிச் சிப்பாயைத் தின்றபோது மணி ஆறு. மற்ற ஆட்டங்கள் முடிந்துவிட்டன. பலகையில் மொத்தம் நான்கே காய்கள். டாக்டரிடம் ராஜாவும் ராணியும், இவளிடம் ராஜாவும் யானையும்.

இந்த நிலை வந்தால் என்ன செய்வது என்று எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ராணிக்கு எதிரே யானை நிற்காது. இந்தத் தரத்தில் ஆடுகிறவர்கள் இதற்குமேல் ஆடுவது எதிராளியை அவமதிப்பது. கை கொடுத்துவிட வேண்டும். டாக்டர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நடுவர் இரண்டு எட்டு கிட்டே வந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கைதட்டத் தயாரானார்கள். மரியாதை எப்படித் தோற்பாள் என்பது பார்க்க வேண்டிய காட்சியாயிற்றே!

அவளுடைய வலது கை தானாகவே கடிகாரத்தை நோக்கிக் கிளம்பியது. பாதி வழியில் அதைப் பார்த்தாள். பார்த்ததும், பேனாவை எடுத்து அந்தக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இடது கையால் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினாள், இடது கையாலேயே கடிகாரத்தை அமுக்கினாள். குறிப்புத்தாளில் நகர்த்தலை எழுதி, ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தாள்.

ஒரு விதி உண்டு. காய் எதுவும் வெட்டுப்படாமல், சிப்பாய் எதுவும் நகராமல், இரண்டு பேரும் ஆளுக்கு ஐம்பது நகர்த்தல் ஆடிவிட்டால் டிரா கேட்கலாம். வாயைத் திறந்து கேட்க வேண்டும், கேட்காதவளுக்கு இல்லை. ஐம்பதுக்குள் யானையைப் பிடிக்க வழி நிச்சயம் உண்டு. மெஷின் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கும். மனுஷிக்கு, ஐந்து மணிநேரம் உட்கார்ந்து களைத்தவளுக்கு, ஒரு நகர்த்தலுக்கு அரை நிமிடமே இருக்கிறவளுக்கு அது அவ்வளவு லேசில்லை.

பத்து நகர்த்தல் வரை டாக்டர் முகத்தில் எரிச்சல் மட்டும்தான். பெருமூச்சு விட்டாள், கூரையைப் பார்த்தாள். பதினாறில் நடுவரைப் பார்த்து மெல்ல, "இன்னும் ஆடணுமா சார்?" என்றாள். அப்படிக் கேட்பதே தப்பு.

"அவங்க விருப்பம் மேடம். நீங்க உங்க ஆட்டத்தைப் பாருங்க" என்றார் நடுவர்.

மரியாதைக்குக் காது மடல் எரிந்தது. கயிற்றுக்குப் பின்னால் யாரோ "என்ன இவ, மானங்கெட்டுப் போய்..." என்று முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது. எழுந்து நடக்கவும் வழியில்லை, முப்பது நொடியில் எங்கே நடப்பது? முழங்கால் ஆடியது, மேசை ஆடியது, டாக்டரின் தண்ணீர் பாட்டில் ஆடியது. ஆடினால் ஆடட்டும் என்று விட்டாள். ஒவ்வொரு நகர்த்தலிலும் கை கொடுத்துவிடு, கை கொடுத்துவிடு, எல்லாம் நின்றுவிடும் என்று உடம்பு கெஞ்சியது. யானையை ராஜாவின் பக்கத்திலேயே ஒட்டி வைத்துக்கொண்டு, எழுதி, புள்ளி வைத்தாள்.

முப்பதைத் தாண்டியதும் டாக்டருக்கு வேர்த்தது. இவளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள், ஆனால் பிடி கிடைக்கவில்லை. வந்த இடத்துக்கே மறுபடி வந்தாள். நேராக வைத்திருந்த பேனா இப்போது கோணலாகக் கிடந்தது. அவளும் எண்ணத் தொடங்கிவிட்டாள் என்பது உதட்டு அசைவில் தெரிந்தது.

நாற்பத்து மூன்றில் மரியாதைக்கு வேறு வழியில்லாமல் யானையை ராஜாவிடமிருந்து பிரித்து வைக்க வேண்டி வந்தது. கையை எடுத்ததும் தெரிந்தது. பலகையின் ஒரு மூலையிலிருந்து ராணி ஒரு செக் கொடுத்தால் போதும். ராஜா நகர வேண்டும், யானை அம்போ.

பார்க்காதே, பார்க்காதே என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. முகத்தை வைத்துக்கொள்ள இடம் தெரியவில்லை. யானையைப் பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும், மூலையைப் பார்த்தால் அதைவிட மோசம். குறிப்புத்தாளை எடுத்து, எழுதி முடித்த எழுத்தின் மேலேயே மறுபடி எழுதினாள். கடிகாரத்தில் பதினைந்து, பன்னிரண்டு, ஒன்பது. டாக்டரின் கை ராணியைத் தொட்டது. தொட்ட கை தயங்கியது. பிறகு இந்தப் பக்கம், வேண்டாத பக்கம், நகர்ந்தது.

அடுத்த ஏழும் எப்படிப் போயின என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஐம்பதாவது புள்ளியை வைத்தாள். டாக்டர் பதில் ஆடினாள். மரியாதை கடிகாரத்தை நிறுத்திவிட்டு, கையைத் தூக்கினாள்.

"ஐம்பது ஆச்சு சார். டிரா கேக்கறேன்."

"ஆகலை" என்றாள் டாக்டர். "நாப்பத்தொம்பதுதான்."

நடுவர் இரண்டு குறிப்புத்தாளையும் பக்கத்து மேசைக்குக் கொண்டுபோய், பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒருமுறை எண்ணிவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். எண்ணி முடிக்க நாலு நிமிடம் ஆகியிருக்கும். அந்த நாலு நிமிடமும் அவள் எழவில்லை, நடக்கவில்லை, உட்கார்ந்தே இருந்தாள்.

"ஐம்பது சரியா இருக்கு. டிரா."

மரியாதை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். டாக்டர் அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தாளில் கையெழுத்தைக் கிறுக்கி, பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனாள். நீட்டிய கை பலகைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. யாரும் கைதட்டவில்லை. தங்கை மட்டும் கயிற்றைத் தாண்டி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இந்த அக்காவை இத்தனை வருஷம் எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?" என்று காதுக்குள் கத்தினாள். அக்காவை 'டி' போட்டது அவளுக்கே தெரியவில்லை.

கை பிசுபிசுவென்றிருந்தது. கழுவலாம் என்று பெண்கள் கழிவறைக்குப் போனாள். அங்கே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு டாக்டர் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அழுதது தெரியாமலிருக்கக் கழுவியதில், அழுதது இன்னும் நன்றாகத் தெரிந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று இவள் நின்றாள்.

"போகாதீங்க" என்றாள் டாக்டர், கண்ணாடியைப் பார்த்தபடியே. "ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. எங்கயாவது எனக்கு ஜெயிக்க வழி இருந்துச்சா?"

இதற்கு மரியாதையான பதில்கள் அவளிடம் இருபத்தைந்து வருடச் சேமிப்பாக இருந்தன. 'தெரியலைம்மா', 'மெஷின்தான் சொல்லணும்', 'ரெண்டு பேரும் நல்லா ஆடினோம்'. எதைச் சொன்னாலும் எடுபட்டிருக்கும்.

"நாப்பத்தி மூணுல" என்றாள். "மூலையில இருந்து செக். யானை போயிருக்கும்."

டாக்டர் கண்ணை மூடினாள். மூடிய இமைக்குள் பலகை ஓடுவது தெரிந்தது. கண்டுபிடித்ததும் கழுவுதொட்டியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"நீங்க பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டேன்."

"எப்ப?"

"யானையை வச்சுக் கையை எடுத்ததுமே."

"உங்க முகத்துல ஒண்ணுமே தெரியலையே" என்றாள் டாக்டர். குரல் உடைந்திருந்தது.

"தெரியலை இல்ல?" என்றாள் மரியாதை. கேட்டுவிட்டுத்தான் தன் குரலைக் கேட்டாள், அதில் அத்தனை ஆசை இருந்தது. உதட்டோரம் துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள், குழாயைப் பார்த்தாள், கீழே ஈரத் தரையைப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. வயிற்றிலிருந்து கிளம்பி வந்த அந்தச் சிரிப்பு, அழுது முடித்த பல் டாக்டரின் முன்னால், முப்பத்திரண்டு பல்லும் தெரிய மலர்ந்துவிட்டது.

டாக்டர் கண்ணாடியில் அதை முழுசாகப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கோம்மா" என்றாள் மரியாதை. நிஜமாகவேதான் சொன்னாள். சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.